தூத்துக்குடி ஏலத்தில் பின்பால் இயந்திரம்: பிளக்கைச் சொருகிப் பார்க்க வேண்டாம்

கேள்வி: நான் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். வெளிநாட்டுத் துறைமுகங்களில் கப்பல் நிற்கும் நாட்களில் மாலுமிகள் மன்றத்தில் பின்பால் (சாய்ந்த பலகையில் எஃகுக் குண்டை விட்டு, துடுப்புகளால் தட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்) ஆடிப் பழகியவன். தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில், யாரும் எடுக்காமல் கிடந்த சரக்கிலிருந்து இரண்டு பழைய பின்பால் இயந்திரங்கள் தனித்தனி லாட்டுகளாக ஏலத்துக்கு வருகின்றன. படத்தில் ஒன்றின் தலைப்பெட்டியில், அதாவது பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில், புள்ளியைக் காட்டும் எண் உருளைகள் தெரிகின்றன. மற்றதில் நீளவாக்கில் ஒரு கறுப்புத் திரை இருக்கிறது. பார்வை நாளன்று கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லலாமா? எவ்வளவு வரை கேட்கலாம்? நம் பக்கத்தில் பழுது பார்க்க ஆள் உண்டா? ஒன்றைத் தம்பி மகனுடைய கடையில் வைத்துக் காசு போட்டு ஆட விட்டால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு வணக்கம். கேளிக்கை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரன் என்ற முறையில் தங்கள் முதல் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். நிலையத்து ஆட்கள் தாங்களாகவே முன்வந்து பிளக்கைச் சொருகப் போனாலும் தடுத்துவிடுங்கள். பின்பால் இயந்திரங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில், அதுவும் சிகாகோ வட்டாரத்தில் செய்யப்பட்டவை. அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்தவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். நம்முடைய 230 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தட்டையான இரு தகடுகள் கொண்ட பிளக்குக்கு ஃபேன்சி கடையில் ஓர் அடாப்டர் வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏல இடங்களில் நிறையப் பேர் உண்டு. அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜைக் குறைக்காது. திரை உள்ள வகையில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு வேரிஸ்டர் இருக்கும். மிகை மின்னழுத்தம் வந்ததும் அது தன்னைப் பலி கொடுத்து ஃபியூஸை எரித்துவிடும். ஆனால் அந்த ஃபியூஸ் சரியான அளவில் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. முன்பு வைத்திருந்தவர் ஃபியூஸ் கிடைக்காத நாளில் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டித் தாளையோ சுற்றி வைத்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மரோடு போர்டுகளும் அந்த நொடியிலேயே போய்விடும். ஏலம் எடுக்கு முன்பே பொருள் கெட்டது. அதற்குப் பிறகும் அது உள்ளது உள்ளபடிதான் விற்கப்படும்.

ஓடுகிறதா என்று பார்க்காமல் எப்படி வாங்குவது என்று கேட்பீர்கள். பின்பாலைப் பொறுத்தவரை, ஓடாத இயந்திரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. மின்சாரப் பகுதியில் இருக்கும் குறைகள் பெரும்பாலும் தீரக்கூடியவை. மரமும் அதன் மேல் அச்சிட்ட வண்ணமும் போய்விட்டால் அவற்றை மீட்பது மிகக் கடினம், சிலவற்றுக்கு வழியே கிடையாது. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்து, மணியடித்து, ஆனால் ஆட்டப்பலகை தேய்ந்துபோன இயந்திரத்துக்கு அதிக விலை கொடுத்து ஏமாறுவதுதான் ஏலத்தில் சாதாரணமாக நடக்கிறது. ஆகவே பார்வை நாளன்று தங்களுக்கு வேண்டியவை ஒரு நல்ல டார்ச், ஒரு மல்டிமீட்டர், கேமரா உள்ள கைபேசி, அவசரப்படாத மனம், இவ்வளவுதான்.

முதலில் ஆட்டப்பலகை. இது மேலே வண்ணம் அச்சிட்டு வார்னிஷ் பூசிய ஒட்டுப்பலகை. இதன் மேல் ஓடுவது 27 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு. குண்டு ஒரே தடத்தில் ஆயிரக்கணக்கான முறை உருளும் இடங்களில்தான் தேய்மானம் தெரியும்: ஃபிளிப்பர்களுக்கு (குண்டைத் தட்டும் துடுப்புகளுக்கு) நேர் மேலே உள்ள பகுதி, பக்கவாட்டு ஓடைகளின் வாய், குண்டு விழுந்து எழும்பும் குழிகளின் விளிம்பு. டார்ச்சைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். வண்ணம் மங்கியிருந்தால் பரவாயில்லை. மரநிறம் எட்டிப் பார்த்தால் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மரம் கறுத்திருந்தால் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்; ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரியத் தொடங்கியிருக்கும். வட்ட வடிவ வண்ண பிளாஸ்டிக் துண்டுகள் பலகையோடு சமமாக இல்லாமல் மேலெழும்பியோ உள்வாங்கியோ இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். குண்டு உள்ளேயே கிடந்து துருப்பிடித்திருந்தால், அதே குண்டை வைத்து ஓர் ஆட்டம்கூட ஆடக் கூடாது. அது பலகையை அரத்தைப் போல அராவிவிடும். புதுக் குண்டுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஒன்றேகால் விரற்கடை என்று கண்ணளவு சொல்லாமல், பேரிங் கடையில் 1-1/16 அங்குல (27 மில்லிமீட்டர்) எஃகுக் குண்டு என்று துல்லியமாகக் கேளுங்கள்.

அடுத்தது தலைப்பெட்டியின் கண்ணாடி. எண் உருளை உள்ள பழைய வகையில் படம் கண்ணாடியின் பின்பக்கத்தில் நேரடியாக அச்சிடப்பட்டிருக்கும். வெயிலில் காய்ந்த கன்டெய்னருக்குள் மாதக்கணக்கில் கிடந்த பொருளில் இந்த வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்க வாய்ப்புண்டு. பின்னாலிருந்து டார்ச் அடிக்க முடிந்தால் பெயர்ந்த இடங்கள் நட்சத்திரம் போலத் தெரியும். தூசியாக இருக்கிறதே என்று யாரும் அதை ஈரத்துணியால் பின்பக்கம் துடைத்துவிடக் கூடாது. மிச்சமிருக்கும் வண்ணமும் துணியோடு வந்துவிடும். திரை உள்ள பிந்திய வகையில் படம் பெரும்பாலும் தனி பிளாஸ்டிக் தாளில் இருக்கும், வேறு வாங்கிப் போடலாம். ஆட்டப்பலகைக்கு மேல் உள்ள கண்ணாடி உடைந்திருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அது வழக்கமாக 21 அங்குல அகலமும் 43 அங்குல நீளமும் உள்ள டஃபன்டு கண்ணாடிதான். அளவு கொடுத்தால் இங்கேயே செய்து தருவார்கள்.

பெட்டியின் அடிப்பலகையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் பொத்தென்று கேட்கும் இடத்தில் கரையான் உண்டு. நம் ஊரில் மரச்சாமானைப் பார்க்கும் அதே கண்ணோடு பாருங்கள், அதற்கு நான் பாடம் சொல்ல வேண்டாம். மரத்தூள் பலகையால் செய்த பெட்டியாக இருந்தால் மூலைகள் ஈரத்தில் ஊதியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஊதிய மூலையில் கால் போல்ட்டு பிடிக்காது. தூத்துக்குடியின் உப்புக் காற்றால் கால்களிலும் ஓரத் தகடுகளிலும் வரும் துரு வெறும் அழகுக்குறைதான். திருகாணித் தலைகளும் காயில்களின் இரும்புத் தாங்கிகளும் துருவேறியிருந்தால் அது வேறு விஷயம். இயந்திரம் முழுவதையும் கழற்றிப் பூட்ட வேண்டியிருக்கும்.

உள்ளே திறக்க அனுமதி கிடைத்தால் அது பெரிய வாய்ப்பு. அனுமதியை வாய்வார்த்தையாக வாங்காமல், ஏல அறிவிப்பில் உள்ள அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சாவி இல்லை என்பார்கள். அது பெரிய குறை இல்லை, பூட்டைத் துளைத்து மாற்றிக்கொள்ளலாம். காசுக்கதவு திறந்துவிட்டால் உள்ளே ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் முன்பக்க உலோகப் பட்டை கழன்று கண்ணாடி வெளியே வழுக்கி வரும். பிறகு ஆட்டப்பலகையை மேலே தூக்கி நிறுத்தலாம். டிரான்ஸ்ஃபார்மரையும் அதன் அருகில் ஒட்டிய தாளையும் படம் எடுங்கள். எந்த வோல்ட்டேஜுக்கு அமைத்தது என்பது அங்கே இருக்கும். ஏற்றுமதிக்கென்று 220 அல்லது 240 வோல்ட்டுக்கு அமைத்து அனுப்பியவையும் உண்டு; அப்படியிருந்தால் தங்களுக்கு ஒரு வேலை மிச்சம். தாளை மட்டும் நம்பாமல் கம்பி எந்த முனையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

திரை உள்ள இயந்திரம் 1990-களைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். வில்லியம்ஸ், பாலி என்ற பெயர்களில் அந்தப் பத்தாண்டில் வந்தவை இன்றும் மிகவும் தேடப்படுபவை. பாலி பெயரில் 1992-இல் வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 எண்ணிக்கை செய்யப்பட்டது. வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் பின்பால் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இந்த வகையில் தாங்கள் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பெட்டிக்குள் இருக்கும் சி.பி.யு. போர்டு, அதாவது இயந்திரத்தின் மூளை. அதில் மூன்று பென்டார்ச் பேட்டரிகள் ஒரு தாங்கியில் இருக்கும். நினைவகத்தைக் காப்பதற்காக வைத்த இந்த மூன்று பேட்டரிகள்தான் அந்த இயந்திரங்களின் முதல் எதிரி. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் அவை கசிந்து, தாங்கியின் கீழே உள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சையோ வெள்ளையோ உப்புப் பூத்தது போல ஒரு படிவு தெரிந்தால், அது தாங்கியோடு நிற்கிறதா அல்லது கீழே வழிந்து ஐ.சி. (சிப்) சாக்கெட்டுகள் வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். தாங்கியோடு நின்றால் சுத்தம் செய்து மீட்கலாம். சாக்கெட்டுகளைத் தொட்டிருந்தால் புது போர்டு வாங்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். பவர் போர்டில் விளக்குகளுக்கான கனெக்டர் வெள்ளையாக இல்லாமல் பழுப்பேறியிருந்தால் அதுவும் ஒரு குறை, ஆனால் சிறு செலவில் தீரும் குறை. காயில்களை மல்டிமீட்டரால் அளக்கலாம்: சாதாரண உந்துகாயில் பெரும்பாலும் 4 முதல் 15 ஓம் வரை காட்டும். 2 ஓமுக்கும் கீழே காட்டினால் அது எரிந்து சுருங்கியது; அதை இயக்கும் டிரான்சிஸ்டரும் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளிப்பர் காயிலில் இழுப்பதற்கு ஒன்று, பிடித்து நிறுத்த ஒன்று என இரண்டு சுற்றுகள் உண்டு. அவற்றின் அளவுகள் வெகுவாக வேறுபடும் என்பதால் குழம்ப வேண்டாம். பின்னாளில் வீட்டில் மின்சாரம் கொடுத்து வேலை செய்யும்போது புள்ளி புள்ளியாக ஒளிரும் அந்தத் திரைக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

எண் உருளை உள்ளது 1970-களின் பிற்பகுதிக்கு முந்தைய மின்னியந்திர வகை. அதில் கணினியே இல்லை. ரிலேக்களும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்), ஸ்டெப்பர்களும் (ஒவ்வொரு படியாக நகர்ந்து எண்ணும் சக்கரங்கள்), கணக்கை நடத்தும் ஒரு மோட்டாரும், நூற்றுக்கணக்கான தொடுமுனைகளும்தான். உள்ளே திறந்ததும் பலரும் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். தாங்கள் அப்படிப் போக மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கப்பலின் கான்டாக்டர் பேனலைப் பார்த்த கைக்கு இது அன்னியமாக இருக்காது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். பழைய ரிலே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ‘பழுது பார்க்க ஆள் உண்டா’ என்ற கேள்விக்கு இந்த ஒரு வகைக்கு மட்டும் ‘உண்டு, நீங்களே’ என்று சொல்வேன். சுற்றுப்படம் இணையத்தில் இன்டர்நெட் பின்பால் டேட்டாபேஸ் என்ற தொகுப்பில் தேடிப் பார்க்கலாம். இதில் இறுகிப்போன ஸ்டெப்பர்களைக் கழற்றிப் பழைய கிரீஸை ஆல்கஹாலால் துடைப்பதும், தொடுமுனைகளை மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்வதும்தான் முக்கால்வாசி வேலை. எதற்கெடுத்தாலும் துருநீக்கும் ஸ்பிரே அடிப்பது நம் பட்டறைகளின் வழக்கம். தீப்பொறி தெறிக்கும் தொடுமுனைகளுக்கு நடுவே அது எரியும் பொருள் என்பதால் இதற்குள் அறவே கூடாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டு வகைக்கும் வழி வேறு. திரை வகையில் டிரான்ஸ்ஃபார்மரின் முனை இணைப்பை மாற்றிவிடலாம். அதோடு லைன் ஃபியூஸை ஏறத்தாழப் பாதியளவுக்குக் குறைத்து, வேரிஸ்டரையும் 230 வோல்ட்டுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். மூன்றில் ஒன்றை மறந்தாலும் வேலை முழுமையாகாது. தலைப்பெட்டிக்குள் டியூப்லைட் இருந்தால் அது தனியாக 120 வோல்ட்டை எதிர்பார்க்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய வகையில் அத்தகைய முனைகள் இல்லாமலும் இருக்கலாம். அப்போது 1,000 வி.ஏ. அளவுள்ள ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமானது. உள்ளீட்டுச் சுற்றும் வெளியீட்டுச் சுற்றும் தனித்தனியாக உள்ளதையே சுற்றித் தரச் சொல்லுங்கள். ஆனால் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. கணக்கு மோட்டாரின் வேகம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும், காயில்கள் சற்றுக் கூடுதலாக ரீங்கரிக்கும், டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் அதிகம் சூடாகும். ஆட்டம் கெடாது.

இனி விலை. சுங்கச் சட்டம் 1962-இன் 48-ஆம் பிரிவின்படி, இறக்கிய 30 நாட்களுக்குள் எடுக்கப்படாத சரக்கை, உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்துச் சுங்கத் துறையின் அனுமதியோடு விற்கலாம். தாங்கள் சொல்லும் ஏலம் இந்த வகையைச் சேர்ந்தது. இப்போது இவை பெரும்பாலும் மின்னணு ஏலமாக நடப்பதால், எதிரில் யார் கேட்கிறார்கள் என்பது தெரியாது. இருந்தாலும் ஊகிக்கலாம்: தங்களோடு போட்டியிடப் போகிறவர் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிதான். அவர் இதை ஆட்டமாகப் பார்ப்பதில்லை, கிலோவாகப் பார்ப்பார். 110 முதல் 130 கிலோ வரை எடையுள்ள இந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் மரமும் கண்ணாடியும் என்பதால், செம்பும் இரும்பும் அவருக்குத் தரும் மதிப்பு அதிகமில்லை. அவர் நிற்கும் இடத்துக்கு மேலே ஏலம் வேகமாக ஏறினால், தங்களைப் போல ஆட்டம் தெரிந்த இன்னொருவர் கேட்கிறார் என்று பொருள். அப்போதுதான் நிதானம் தேவை. கடைசி நிமிடங்களில் யாராவது தொகையை உயர்த்தினால் ஏல நேரம் தானாக நீளும்படி அமைத்திருப்பது வழக்கம். கடைசி நொடியில் தட்டிவிடலாம் என்ற உத்தி அங்கே பலிக்காது.

தாங்கள் தர வேண்டிய உச்ச விலையை வீட்டிலேயே, பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுங்கள். வீட்டுக்கு வந்து ஓடத் தொடங்கும் வரை மொத்தம் 1,50,000 ரூபாய் செலவிடத் தயார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பாகங்களுக்கு, அவற்றின் சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்த்து, 40,000. வேலைக்கூலிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் 20,000. வண்டி வாடகைக்கும் ஏற்றுகூலிக்கும் 8,000. மிச்சம் 82,000. இதுவரை கேட்கலாம் என்று நினைப்பதுதான் பிழை, ஏனென்றால் ஏலத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனியாக வரும். வரி 18 விழுக்காடு என்றால் 82,000-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும். தாங்கள் நிற்க வேண்டிய இடம் 69,000-க்குச் சற்று மேல். இவை கணக்கு முறையைக் காட்டுவதற்கான எண்கள் மட்டுமே, சந்தை விலை அல்ல. வரி விகிதத்தையும் வேறு கட்டணங்களையும் ஏல நிபந்தனைகளில் படித்து அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே நிபந்தனைகளில் இன்னும் இரண்டைத் தேடுங்கள். அதிகத் தொகை கேட்டவருக்கே உறுதியாகக் கிடைக்குமா, அல்லது விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டதா? பணம் கட்டியபின் எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும், தாண்டினால் தரை வாடகை எவ்வளவு? சரக்கு நிலையத்தில் வாரக்கணக்கில் விட்டுவைத்து, வாங்கிய விலையில் பெரும்பங்கை வாடகையாகக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டில் எதற்குக் கேட்பது? பொதுவாக எனக்கு எழுதுபவர்களுக்குத் திரை வகையைத்தான் சொல்வேன், மறுவிற்பனை அதற்குத்தான் அதிகம். தங்களுக்கு எண் உருளை வகையைச் சொல்கிறேன். அதன் பின்கண்ணாடியும் ஆட்டப்பலகையும் நன்றாக இருந்தால், மற்றக் குறைகள் எல்லாம் தங்கள் கைக்குள் அடங்குபவை. பாகத்துக்காகக் கூரியரை எதிர்பார்த்து மாதங்கள் காத்திருக்க வேண்டிய தேவையும் குறைவு. திரை வகையின் பேட்டரிப் பகுதி சுத்தமாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால் அதற்கும் கேளுங்கள். பார்க்க விடவில்லை என்றால், போர்டு போய்விட்டது என்றே வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எடுத்துவரக் குட்டி யானை ஒன்று போதும். தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும். குண்டுகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்; உள்ளே கிடந்தால் நெல்லை வருவதற்குள் ஆட்டப்பலகையை அடித்து நொறுக்கிவிடும். திரை வகையில் தலைப்பெட்டி முன்பக்கமாக மடங்கும். பழைய வகையில் அதைத் தனியாகக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும் ஒவ்வொரு பிளக்கிலும் மார்க்கரால் எண்ணிட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுப்பதாக இருந்தால் தார்ப்பாய் இல்லாமல் புறப்படாதீர்கள்.

கடையில் வைப்பது பற்றி. பின்பாலைச் சூதாட்டம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. நியூயார்க் நகரம் 1942-இல் இதைத் தடை செய்து, 1976-இல்தான் தடையை நீக்கியது. ஃபிளிப்பர் என்ற துடுப்பே 1947-இல்தான் வந்தது. அதற்கு முன்பு குண்டை விட்டபின் ஆடுபவர் செய்வதற்கு அதிகமில்லை. நம் மாநிலத்தில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. திறமையை முதன்மையாகக் கொண்ட ஆட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. வீட்டில் வைத்துத் தாங்களும் பேரப்பிள்ளைகளும் ஆடுவதில் ஒரு சிக்கலும் இல்லை. கடையில் காசு வாங்கி ஆட விடுவதாக இருந்தால், நகராட்சியின் தொழில் உரிமத்தில் அதைச் சேர்த்து, காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற்ற பிறகே தம்பி மகன் தொடங்கட்டும். அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பணமோ பரிசோ தரும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். ஏலத்தில் தரும் விற்பனை ரசீது, டெலிவரி ஆர்டர், கேட் பாஸ் மூன்றின் நகலையும் இயந்திரத்துக்குள் காசுப்பெட்டியின் அருகில் ஒட்டி வையுங்கள். இறக்குமதிச் சரக்கு எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் காட்டலாம்.